பாவம், கடவுளின் கோபம், மீட்பு: மட்டக்களப்பில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகள்

நான் கல்லடியில் இருக்கிறேன். இருபது வருடத்துக்கு மேலாக ஞாயிறு பாடசாலையில் படிப்பிக்கிறேன். நான் மெதடிஸ்த சபை, என் வீட்டுக்காரர் கத்தோலிக்கர், அம்மா பக்கத்தில் பாதிப் பேர் சைவர். அதனால் கேள்விகள் எல்லாத் திசையிலிருந்தும் வரும். வகுப்பில் கேட்பதைவிட செத்தவீட்டுப் பந்தலிலும் பஸ்ஸிலும்தான் அதிகம் கேட்பார்கள். ஒரே கேள்விகள் ஆள்மாறி ஆள்மாறி வந்தபடியால், கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதில்களையும் சேர்த்து வைத்தேன். நான் போதகர் இல்லை. சபைகள் வேறுபடும் இடத்தில் வேறுபாட்டையும் சொல்லியிருக்கிறேன். வசனங்கள் நம் சபைகளில் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து.

பாவம் எண்டால் என்ன டீச்சர்? களவு, பொய், குடி, அவ்வளவுதானே?

அவை பாவங்கள். பாவம் என்று ஒருமையில் வேதம் சொல்வது அவற்றுக்கு அடியில் கிடப்பதை. டெங்கு வந்தால் உடம்பு சுடுவது எல்லாருக்கும் தெரியும். நோய் இரத்தத்தில் இருக்கிறது. சூட்டை மட்டும் குறைத்து விட்டுச் சுகம் என்று சொல்ல முடியாது.

பழைய ஏற்பாட்டின் எபிரேய மொழியில் பாவத்துக்கு அதிகம் வரும் சொல்லின் பொருள் 'குறி தவறுவது'. நியாயாதிபதிகள் 20:16இல் இடதுகைப் பழக்கமுள்ள 700 கவண்காரர்கள் வருகிறார்கள். ஒரு மயிரிழையும் தப்பாமல் கல் எறிவார்களாம். அந்தத் 'தப்பாமல்' என்ற இடத்தில் இருப்பது அதே வினைச்சொல்தான். புதிய ஏற்பாட்டில் வரும் 'ஹமார்த்தியா' என்ற கிரேக்கச் சொல்லுக்கும் குறி தவறுவது என்ற பொருள் உண்டு.

அப்படியென்றால் குறி எது? கடவுளை முழு இருதயத்தோடும் பிறனைத் தன்னைப் போலவும் நேசிப்பது (மத்தேயு 22:37-39). இதை வைத்துப் பாருங்கள். கொடும் வட்டிக்குக் காசு கொடுத்து ஒரு குடும்பத்தை வீதிக்குக் கொண்டுவருகிற மனிதர் களவு எடுக்கவில்லை, பொய் சொல்லவில்லை, குடிப்பதுமில்லை. குறி மட்டும் எங்கோ போய்விட்டது.

நான் ஆருக்கும் ஒரு கெடுதியும் செய்யல்ல. என்னையும் ஏன் பாவி எண்டு சொல்றீங்க?

இதைக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் உண்மையிலேயே நல்லவர்கள். அவர்களை மட்டம் தட்ட எனக்கு மனம் வராது. ஆனால் கெடுதி செய்யாமல் இருப்பது பாதிக் கணக்குத்தான். நன்மை செய்யத் தெரிந்தும் செய்யாமல் விட்டால் அதுவும் பாவம் என்று யாக்கோபு 4:17 சொல்கிறது. போய்ப் பார்த்திருக்க வேண்டிய நோயாளி, பேசியிருக்க வேண்டிய இடத்தில் விழுங்கிய வார்த்தை, இவற்றைக் கூட்டினால் என் கணக்கே பெரிதாக வரும். 'எல்லாரும் பாவஞ்செய்து' என்று ரோமர் 3:23 சொல்லும்போது எழுதிய பவுலும் அந்த 'எல்லாரு'க்குள் நிற்கிறார்.

இன்னொன்று. நம் தமிழில் 'பாவம்' என்ற ஒரே சொல் இரண்டு வேலை செய்கிறது. 'அவன் செய்தது பாவம்' என்கிறோம். 'ஐயோ பாவம், அந்தப் பிள்ளை' என்றும் சொல்கிறோம். பாவி என்று வேதம் சொல்வதை நான் இரண்டு காதாலும் கேட்கிறேன். குற்றவாளி என்பதும் இருக்கிறது, இரங்கத்தக்கவன் என்பதும் இருக்கிறது. ஒன்றை விட்டால் மற்றது கோணிப்போகும்.

ஆதாம் பழம் திண்டதுக்கு நான் ஏன் தண்டனை அனுபவிக்க வேணும்?

2004இல் கடல் வந்து போனபிறகு நம் கரையோரக் கிணறுகள் உப்பாகிப் போயின. அடுத்த வருடம் பிறந்த பிள்ளை கடலைக் கூட்டிவரவில்லை. ஆனாலும் அது தவழ்ந்த முற்றத்தில் இருந்தது உப்புக் கிணறு. பிறப்புப் பாவம் (கத்தோலிக்கர் சொல்வதில் ஜென்மப் பாவம்) என்பதை நான் இப்படித்தான் விளங்கிக்கொள்கிறேன். பிள்ளைமேல் வழக்கு இல்லை. பிள்ளை குடிக்கும் தண்ணீர் கெட்டிருக்கிறது. வளர வளர அதே தண்ணீரை அதுவும் மற்றவர்களுக்கு ஊற்றும். அப்போது வழக்கும் வரும்.

இதில் சபைகள் ஒரே மாதிரிப் பேசுவதில்லை. ஆபிரிக்காவின் ஹிப்போ நகர ஆயர் அகுஸ்தீன் (354-430), ஆதாமின் குற்றமே நம்மேல் வருகிறது என்று கடுமையாகச் சொன்னார். பெலாகியுஸ் என்பவர், இல்லை, ஆதாம் கெட்ட முன்மாதிரி மட்டும்தான், மனிதன் நினைத்தால் பாவமில்லாமல் வாழலாம் என்றார். 418இல் கார்த்தேஜில் கூடிய ஆயர்கள் பெலாகியுஸின் போதனையைத் தள்ளினார்கள். கிழக்கத்திய ஓர்த்தடொக்ஸ் சபைகளோ, ஆதாமிடமிருந்து நமக்கு வருவது சாவும் கெட்டுப்போன சுபாவமும், குற்றம் அவரவருடையது என்கின்றன. தகப்பனுடைய அக்கிரமத்தைக் குமாரன் சுமப்பதில்லை என்று எசேக்கியேல் 18:20இல் இருப்பதால், கிழக்கத்தியர் சொல்வது என் மனதுக்குக் கிட்ட நிற்கிறது.

பாவமும் கர்மவினையும் ஒண்டுதானே? நாங்க வினை எண்டுறம், நீங்க பாவம் எண்டுறீங்க.

விதைத்ததை அறுப்பாய் என்பது கலாத்தியர் 6:7இலும் இருக்கிறது, அதனால் அந்த அளவுக்கு ஒன்றுதான். வினை ஒரு கணக்கு. செய்தவனைத் தேடி வரும், இந்தப் பிறப்பில் இல்லாவிட்டால் அடுத்ததில். கிறிஸ்தவத்தில் அடுத்த பிறப்பு இல்லை (எபிரெயர் 9:27). பாவம் ஒரு ஆளுக்கு விரோதமாகச் செய்தது. உறவு முறிந்திருக்கிறது. முறிந்த உறவை அனுபவித்துத் தீர்க்க முடியாது, மன்னித்துத்தான் சேர்க்க முடியும்.

சைவத்திலும் ஆணவத்தை (உயிரை மறைக்கும் மலத்தை) நீக்குவது சிவனருள்தான் என்பார்கள். அதனால் 'அவர்களிடம் வெறும் வினை, நம்மிடம்தான் அருள்' என்று பேசுகிற பிரசங்கங்கள் எனக்குப் பிடிப்பதில்லை. பக்கத்து வீட்டாரின் விசுவாசத்தைக் குறைத்துச் சொல்லி நம்முடையதை உயர்த்தத் தேவையில்லை.

அன்பான கடவுள் எண்டுறீங்க. பிறகு ஏன் கோவப்படுறார்?

அன்பு இருப்பதால். மகன் கசிப்புக்குப் பின்னால் போகும்போது கோபமே வராத தாயை நாம் சாந்தமானவள் என்று சொல்லமாட்டோம். மனம் விட்டுப்போச்சு என்போம். கடவுளின் கோபத்துக்கு எதிர்ப்பதம் அன்பு என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அக்கறையின்மைதான் எதிர்ப்பதம் என்று நான் படிப்பிக்கிறேன்.

ஆனால் நம் கோபத்தை அளவாக வைத்து அவருடையதை அளக்கக்கூடாது. நாம் 'மூக்குக்கு மேல கோவம்' என்போம். எபிரேயரும் கோபத்தை மூக்கில்தான் வைத்தார்கள். கோபம் வந்தது என்பதற்கு 'மூக்கு எரிந்தது' என்று சொல்வார்கள். யாத்திராகமம் 34:6இல் கடவுள் தம்மைப் பற்றித் தாமே சொல்லும்போது வரும் 'நீடிய சாந்தம்', சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'நீண்ட மூக்கு'. சூடேற நெடுநேரம் எடுக்கிற மூக்கு. சங்கீதம் 30:5 இன்னும் கணக்காகச் சொல்கிறது: அவருடைய கோபம் ஒரு நிமிஷம்.

பழைய ஏற்பாட்டுக் கடவுள் கோபக்காரர், இயேசு சாந்தமானவர். ரெண்டு பேரும் வேற வேறயா?

இல்லை. இரண்டாம் நூற்றாண்டில் மார்சியோன் என்பவர் இப்படித்தான் சொன்னார். 144ஆம் ஆண்டில் ரோம சபை அவரை விலக்கியது. மேலே சொன்ன 'நீண்ட மூக்கு' பழைய ஏற்பாட்டில்தான் இருக்கிறது. ஓய்வுநாளில் சுகமாக்கலாமா என்று கேட்டபோது மௌனமாக இருந்தவர்களை இயேசு கோபத்துடன் பார்த்தார் என்பது புதிய ஏற்பாட்டில் இருக்கிறது (மாற்கு 3:5). சூம்பின கையோடு ஒருவன் முன்னால் நிற்க, அவர்களுக்குச் சட்டம் பெரிதாகப் போனதுதான் அந்தக் கோபத்துக்குக் காரணம்.

சுனாமி எங்கட பாவத்துக்குக் கடவுள் தந்த தண்டனையா?

இந்தப் பக்கம் எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான். 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை, நத்தாருக்கு அடுத்த நாள். நாவலடி, கல்லடி, திருச்செந்தூர், தெற்கே அம்பாறைக் கரையில் கல்முனை, மருதமுனை, காரைதீவு, திருக்கோவில் என்று கடல் ஒரு ஊரையும் விடவில்லை. கோயில், பள்ளிவாசல், தேவாலயம் என்றும் பார்க்கவில்லை. பிறகு பிள்ளைகளை இழந்த தாய்மார் முகாம்களில் இருந்தபோது, இது பாவத்தின் பலன், மனந்திரும்புங்கள் என்று சொல்லிக்கொண்டு சிலர் வந்தார்கள். அந்த வார்த்தையைக் கேட்ட ஒரு அக்கா பதினைந்து வருடம் கழித்து என்னிடம் கேட்டார்: "நான் செய்த எந்தப் பாவத்துக்கு டீச்சர் என்ட மூண்டு வயதுப் பிள்ளை?"

இயேசுவிடமே இதைக் கேட்டிருக்கிறார்கள். சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, எருசலேமில் இருந்த மற்ற எல்லாரையும்விட அவர்கள் பெரிய குற்றவாளிகளா என்று அவரே எடுத்துக் கேட்டு, அப்படியல்ல என்று பதிலும் சொன்னார் (லூக்கா 13:4-5). அதோடு, நீங்களும் மனந்திரும்புங்கள் என்றார். அதைச் சொன்னது செத்தவர்களைப் பற்றியில்லை, அவர்களைப் பற்றிப் பேசிக்கொண்டு நின்றவர்களைப் பார்த்து. பிறவிக் குருடனைக் கண்டு, யார் செய்த பாவம், இவனா, இவனைப் பெற்றவர்களா என்று சீஷர்கள் கேட்டபோதும் இரண்டும் இல்லை என்றார் (யோவான் 9:3). யோபுவின் கதையைக் கடைசிவரை வாசித்தவர்கள் இன்னொன்றையும் கவனித்திருப்பார்கள். உன் துன்பத்துக்கு உன் பாவமே காரணம் என்று விளக்கிக்கொண்டிருந்த மூன்று சிநேகிதர்மேல்தான் முடிவில் கடவுளுக்குக் கோபம் வருகிறது (யோபு 42:7). முகாமுக்கு அந்த வார்த்தையோடு போனவர்கள் வாசிக்க வேண்டிய அதிகாரம் அது.

வேதத்தில் அழிவைத் தண்டனையாகச் சொல்லும் இடங்கள் இல்லையா என்றால், இருக்கின்றன. சோதோம், பாபிலோன் சிறையிருப்பு. அநேகமாக அங்கெல்லாம் தீர்க்கதரிசிகள் முன்கூட்டியே பேசினார்கள், ஏழையை மிதித்தவர்களின் முகத்துக்கு நேரே பேசினார்கள். செத்த பிள்ளையின் தாயைப் பார்த்துப் பேசவில்லை. சுமாத்திரா பக்கத்தில் கடலடி நிலம் உடைந்து எழும்பிய அலைக்கு யாருடைய பாவப்பட்டியலும் தெரியாது. அப்படியானால் கடவுள் ஏன் தடுக்கவில்லை? அதற்கு என்னிடம் விளக்கம் இல்லை, அந்த அக்காவிடமும் அப்படித்தான் சொன்னேன். சேர்ந்து அழுதோம். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று நம் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்து, சிறுபிள்ளைகளும் செத்தபோது இதே கேள்வி திரும்ப வந்தது. அதற்கும் இதுதான் பதில். அங்கே மட்டும் செய்த மனிதன் இருக்கிறான், அதனால் பாவம் யாருடையது என்பதில் குழப்பமும் இல்லை.

அப்ப கடவுளின் கோபம் எப்பிடித்தான் வரும்? இடி மின்னலா?

ரோமர் முதலாம் அதிகாரத்தில் தேவகோபம் வெளிப்படுகிறது என்று 18ஆம் வசனத்தில் பவுல் தொடங்குகிறார். வாசிக்கிறவர் நெருப்பை எதிர்பார்ப்பார். வருவது ஒரு வினைச்சொல், மூன்று தரம்: 'ஒப்புக்கொடுத்தார்' (24, 26, 28). மனிதன் எதை விரும்பிப் போனானோ, அதன் கையில் அவனை விட்டுவிட்டார். தண்டனை வெளியிலிருந்து வந்து விழவில்லை. பொய்யை விரும்பினவனுக்குக் கடைசியில் யாரையும் நம்ப முடியாமல் போகிறது. ஒரு கூட்டம் மற்றக் கூட்டத்தை வெறுத்தால் அந்த வெறுப்பே பிறகு தன் வீட்டுக்குள்ளும் வருகிறது. முப்பது வருட யுத்தத்தைக் கண்ட நமக்கு இதைப் படிப்பிக்கத் தேவையில்லை.

இதே 'ஒப்புக்கொடுத்தார்' இதே நிருபத்தில் 8:32இல் திரும்ப வருகிறது. கிரேக்கத்திலும் அதே வினைச்சொல்தான். அங்கே ஒப்புக்கொடுக்கப்படுவது அவருடைய சொந்தக் குமாரன், 'நம்மெல்லாருக்காகவும்'. இதைக் கண்டுபிடித்த நாளில் நான் கொஞ்ச நேரம் வேதத்தை மூடி வைத்துவிட்டேன். நம்மை விட்ட அதே இடத்துக்குத் தம் மகனை அனுப்புகிறார்.

அம்மனுக்குக் குளிர்த்தி பாடுற மாதிரித்தானா சிலுவையும்? கடவுளின் கோவத்தைக் குளிர வைக்கிறதா?

பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்டாள். இந்த ஊரில் பிறந்த பிள்ளைக்குத்தான் இப்படிக் கேட்கத் தோன்றும். வைகாசியில் நம் கண்ணகி அம்மன் கோயில்களில் கதவு திறந்து, சடங்கு நடத்தி, வழக்குரை படித்து, முடிவில் குளிர்த்தி பாடுவார்கள். கணவனை அநியாயமாகக் கொன்றதால் மதுரையை எரித்த அம்மனின் கோபம் தணிந்து, ஊர் குளிர வேண்டும், மழை பெய்ய வேண்டும், நோய் விலக வேண்டும் என்ற மன்றாட்டு அது. கண்ணகியின் கோபம் நியாயத்துக்காக எழும்பியது. தெய்வத்தின் கோபத்தைக் கேட்டதும் அநியாயம் எங்கே நடந்தது என்று தேடுகிற பழக்கம் நம் ஊருக்கு இருக்கிறது. கிறிஸ்தவர்கள் அதை இழந்துவிடக்கூடாது.

வேறுபாடு, யார் தணிக்கிறார் என்பதில் இருக்கிறது. குளிர்த்தியில் ஊர் கூடி அம்மனிடம் போகிறது. ரோமர் 3:25இல் கிறிஸ்துவைக் கிருபாதார பலியாக (பாவத்தை நீக்கும் பலியாக) 'ஏற்படுத்தினவர்' கடவுள். மனிதர் பலி கொண்டுபோய் அவரைச் சமாதானப்படுத்தவில்லை. கோபப்பட உரிமையுள்ளவரே முதலடி எடுத்து வைக்கிறார். அதுவும் நாம் திருந்தின பிறகு இல்லை, 'நாம் பாவிகளாயிருக்கையில்' (ரோமர் 5:8). பழைய ஏற்பாட்டிலும் அப்படியே: பலிபீடத்தின் இரத்தத்தைப் பற்றி லேவியராகமம் 17:11இல் கடவுள் பேசும்போது, அதை உங்களுக்குக் கொடுத்தவர் நான் என்கிறார்.

அந்தப் பிள்ளை கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப அவர்ர கோவத்தை அவரே குளிர வைக்கிறாரா?" என்றாள். ஓம் என்றேன்.

பிழை செய்தது நாங்க. ஒரு குற்றமும் இல்லாதவரை அடிச்சது நியாயமா?

கோபக்காரத் தகப்பன், நடுவில் போய் அடிவாங்கின நல்ல மகன் என்று படம் வைத்திருந்தால் நியாயமே இல்லை. அந்தப் படம்தான் பிழை. 'தேவன் கிறிஸ்துவுக்குள்' இருந்து உலகத்தை ஒப்புரவாக்கினார் என்கிறது 2 கொரிந்தியர் 5:19. சிலுவையில் இருந்தவர் மூன்றாம் ஆள் இல்லை. ஒருவர் மன்னித்தால் அந்த நட்டத்தை அவரே தாங்குகிறார், இல்லையா?

சிலுவை எப்படி வேலை செய்கிறது என்பதற்குச் சபை ஒரே ஒரு விளக்கத்தைக் கட்டாயமாக்கியதில்லை. பாவத்தையும் சாவையும் வென்ற வெற்றி என்று ஆதிச் சபை பாடியது. கெடுத்த மாண்பை ஈடுசெய்தல் என்று கந்தர்பரி பேராயர் அன்செல்ம் 1098 அளவில் எழுதினார். அந்த அன்பைக் கண்டு மனிதன் மனம் உருகுவது என்று பிரான்சின் இறையியலாளர் ஆபெலார்ட் சொன்னார். நமக்குரிய தண்டனையை அவர் ஏற்றார் என்பதைச் சீர்திருத்தச் சபையார் அழுத்தினார்கள்.

எனக்கு உதவுவது கொலோசெயர் 2:14. நமக்கு விரோதமாக இருந்த 'கையெழுத்தை' அவர் சிலுவையில் ஆணியடித்தார் என்று இருக்கிறது. அந்தக் கிரேக்கச் சொல் கடன்பட்டவன் எழுதிக் கொடுத்த பத்திரத்தைக் குறிக்கும். குழுக் கடன் எடுத்த நம் பெண்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கிழமைக்குக் கிழமை படலையில் ஆள் வந்து நிற்பதும், கட்ட முடியாதவளுக்காகப் பிணைக் கையெழுத்து வைத்தவள் தன் தோட்டைக் கழற்றிக் கொடுப்பதும் அவர்கள் பார்த்தவை. எபிரெயர் 7:22 இயேசுவைப் 'பிணையாளி' என்றே சொல்கிறது. இங்கே கடன் கொடுத்தவரே பிணை நிற்க வந்துவிட்டார் என்று சொன்னபோது, பின்வரிசையில் இருந்த ஒருவர் கண்ணைத் துடைத்தார்.

இரட்சிப்பு எண்டுறீங்க, மீட்பு எண்டுறாங்க கத்தோலிக்கர். ரெண்டும் வேறயா?

ஒன்றுதான். இரட்சிப்பு என்றால் காப்பாற்றுதல். மீட்பு நாம் நகைக்குச் சொல்லும் சொல்: அடகு வைத்ததைத் திரும்ப எடுப்பது. அடகுக் கடையில் இருந்தாலும் நகை உங்களுடையதுதான். அதனால் எனக்கு மீட்பு என்ற சொல்லில் ஒரு பிரியம் உண்டு, மெதடிஸ்தக்காரியாக இருந்தாலும்.

விசுவாசம் மட்டும் போதுமா? நல்ல காரியம் செய்யத் தேவையில்லையா?

'கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்' என்கிறது எபேசியர் 2:8. இரண்டு வசனம் தள்ளி, நற்கிரியைகளுக்காகவே நாம் சிருஷ்டிக்கப்பட்டோம் என்றும் இருக்கிறது. கிரியையில்லாத விசுவாசம் செத்தது என்கிறார் யாக்கோபு. பிணையாளி கடனைக் கட்டினபிறகு யாரும் கடன் தீர்க்க உழைக்கமாட்டார்கள். ஆனால் கடன் தீர்ந்த வீடு கடனில் இருந்த வீடு மாதிரியும் இருக்காது.

1517க்குப் பிறகு, சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தரும் ரோமும் பிரிந்ததில் இந்தக் கேள்விதான் நடுவில் இருந்தது. 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் அவுக்ஸ்பூர்க் நகரில் கத்தோலிக்கரும் லூத்தரன் சபையாரும் சேர்ந்து ஒரு பிரகடனத்தில் கையெழுத்திட்டார்கள்: நம்முடைய தகுதியால் இல்லை, கிருபையால் மட்டும் கடவுள் நம்மை ஏற்றுக்கொள்கிறார், அந்தக் கிருபையே நம்மை நற்செயலுக்கு அனுப்புகிறது என்று. 2006இல் உலக மெதடிஸ்தப் பேரவையும் அதில் சேர்ந்தது. அதனால் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இந்தச் சண்டை முடிந்துவிட்டது. ஆயித்தியமலை மாதா திருவிழாவுக்கு நடந்துபோனால் பாவம் தீருமா என்று கேட்கிறவர்களுக்கும் பதில் இதற்குள் இருக்கிறது. தீர்ப்பதற்காக நடக்க வேண்டாம். தீர்ந்ததற்கு நன்றியாக நடங்கள். என் வீட்டுக்காரர் அப்படித்தான் போகிறார்.

அப்ப எப்பிடியும் வாழ்ந்திட்டு, கடைசி நேரம் மனந்திரும்பினாச் சரிதானே?

சிலுவையில் பக்கத்தில் தொங்கிய கள்ளனுக்கு அன்றைக்கே பரதீசு கிடைத்தது (லூக்கா 23:43), அதனால் கடைசி நேர மனந்திரும்புதல் பொய்யில்லை. ஆனால் அவன் அதைத் திட்டம் போட்டு வைக்கவில்லை. மனைவி மன்னிப்பாள் என்று கணக்குப் போட்டு அடிக்கிற கணவனை நினைத்துப் பாருங்கள்.

சுவாமியிட்டப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்யணுமா? நேரா கடவுளிட்டச் சொன்னாப் போதாதா?

கத்தோலிக்கருக்குச் சாவான பாவமென்றால் (தெரிந்தே செய்த கனமான பாவம்) ஒப்புரவு அருட்சாதனம், அதாவது பாவசங்கீர்த்தனம், வழக்கமான வழி. யோவான் 20:23ஐக் காட்டுவார்கள். எங்களில் ஆராதனையில் சேர்ந்து அறிக்கையிடுகிறோம், தனியே கடவுளிடம் சொல்கிறோம் (1 யோவான் 1:9). ஆனால் கடவுளிடம் சொல்லிவிட்டேன் என்று, காணி எல்லையைத் தள்ளிப்போட்ட பக்கத்து வீட்டுக்காரரிடம் போகாமல் இருந்தால், இரண்டு வழியும் உதவாது. வரி தண்டுகிற சகேயு, அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாக (நாலு மடங்காக) திருப்பிக் கொடுக்கிறேன் என்றான். இன்னொரு மனிதனின் காது கேட்கச் சொன்னால்தான் மனம் ஆறுகிற பாவங்களும் உண்டு. அதற்குப் போதகரோ சுவாமியோ நம்பிக்கையான ஒரு கூட்டாளியோ வேண்டும்.

மன்னிக்கவே முடியாத பாவம் ஒண்டு இருக்காம். அதை நான் செய்திட்டனோ எண்டு பயமா இருக்கு.

மாற்கு 3:29இல் பரிசுத்த ஆவிக்கு விரோதமான தூஷணம் என்று இருப்பதைத்தான் சொல்கிறீர்கள். பிசாசின் பிடியில் இருந்தவர்களை இயேசு விடுவிப்பதைக் கண்ணால் கண்டும், இது பேயின் வேலை என்று சொன்னவர்களுக்குச் சொன்ன எச்சரிக்கை அது. வெளிச்சத்தைத் தெரிந்துகொண்டே இருட்டு என்று பெயர் வைத்து, கதவை உள்ளிருந்து பூட்டிக்கொள்வது. பயந்து வந்து கேட்கிற நீங்கள் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கிறீர்கள்.

தற்கொலை செய்தவர் நேரே நரகத்துக்கா?

அப்படிச் சொல்ல நமக்கு அதிகாரம் இல்லை. முந்தி கத்தோலிக்க சபை இவர்களுக்குத் தேவாலய அடக்கத்தை மறுத்தது. 1983ஆம் ஆண்டுச் சபைச் சட்டத்தில் அந்தத் தடை இல்லை. கடும் பயமும் மனநோயும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கும், கடவுள் தமக்கு மட்டும் தெரிந்த வழியில் அவர்களுக்கு மனந்திரும்ப இடம் தரலாம், அவர்களுக்காகச் செபிக்கிறோம் என்று 1992இல் வெளியான கத்தோலிக்க மறைக்கல்வி நூல் சொல்கிறது. கடன் தாங்காமல் போன ஒருவரின் வீட்டில் நரகத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். கேட்கிற உங்களுக்கே அந்த எண்ணம் இருந்தால் இன்றைக்கே ஒருவரிடம் வாய் திறந்து சொல்லுங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

என்ட அம்மா கடைசிவரைக்கும் சைவம். அவ மீட்கப்படமாட்டாவா?

இயேசுவைத் தவிர வேறொருவராலும் இரட்சிப்பு இல்லை என்கிறது அப்போஸ்தலர் 4:12. நான் அதை விசுவாசிக்கிறேன், மறைக்கவும் மாட்டேன். ஆனால் அது மீட்கிறவர் யார் என்று சொல்கிற வசனம். அவருடைய கை எவ்வளவு தூரம் எட்டும் என்று அளக்கிற வசனமாக அதை நான் வாசிப்பதில்லை. நியாயப்பிரமாணம் இல்லாதவர்களின் இருதயத்திலும் அது எழுதியிருக்கிறது என்கிறது ரோமர் 2:15. தங்கள் குற்றமில்லாமல் கிறிஸ்துவை அறியாமல், நேர்மையான மனதோடு கடவுளைத் தேடுகிறவர்களும் மீட்படையலாம் என்று 1964இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொன்னது. மனிதன் தேடுமுன்பே கிருபை எல்லாரிலும் வேலை செய்கிறது என்பது மெதடிஸ்தத்தின் தகப்பனான வெஸ்லியின் போதனை. இதை ஏற்காத சபைகள் நம் ஊரிலேயே இருக்கின்றன, அவர்கள் வேறு பதில் சொல்வார்கள். என் அம்மம்மாவும் விபூதி பூசினபடியேதான் போனா. சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ என்று ஆபிரகாம் கேட்ட கேள்வியோடு (ஆதியாகமம் 18:25) அவவை நான் கடவுளிடம் விட்டிருக்கிறேன்.

என்ட மகனைக் கொண்டுபோனவங்களை நான் மன்னிக்காட்டி, எனக்கும் மன்னிப்பு இல்லையா?

மகன் போட்டோவோடு வருடக்கணக்காய் அலைகிற ஒரு அம்மா கேட்டது. மற்றவர்களுக்கு மன்னியாவிட்டால் பிதாவும் உங்களுக்கு மன்னியார் என்று மத்தேயு 6:15 இருப்பது உண்மை. ஆனால் மன்னிப்பு என்பது நடந்தது பரவாயில்லை என்று சொல்வது இல்லை. எங்கே என் பிள்ளை என்று கேட்பதை நிறுத்துவதும் இல்லை. உண்மை கேட்பதும் நீதி கேட்பதும் மன்னிப்புக்கு எதிரானவை என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

கடவுளின் கோபத்தைப் பற்றி முன்னே எழுதினேனே, அக்கறையின்மைக்கு எதிரானது என்று. அது இந்த அம்மாவுக்குத்தான் வேண்டும். அவருடைய பிள்ளையைக் கொண்டுபோனதில் கடவுளுக்குக் கோபம் இருக்கிறது, அந்த அம்மாவைவிட அதிகமாக. 'பழிவாங்குதல் எனக்குரியது' (ரோமர் 12:19) என்று அவர் சொல்வது, இவ்வளவு பெரிய கோபத்தை நீ தனியே சுமக்காதே, என்னிடம் தா என்பதற்காக. ஒரே நாளில் கொடுத்துவிட முடியாது. சங்கீதக்காரர்கள் கத்திக் கத்தித்தான் கொடுத்தார்கள்.

அவர் ஆராதனைக்கு வருவார், கர்த்தருடைய செபத்தில் 'எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல' என்ற இடம் வந்ததும் வாயை மூடிக்கொள்வார். அது பாவமா என்றும் கேட்டார். "நீங்க பேசாம நில்லுங்கம்மா, அந்த வரியை உங்களுக்காக நாங்க சொல்றம்" என்றேன். இப்போதும் அப்படித்தான் நடக்கிறது. அந்த வரி வரும்போது பக்கத்தில் நிற்கிறவர்கள் கொஞ்சம் சத்தமாகச் சொல்வார்கள்.